குழி எங்கே? கொடி சொல்லும் கணக்கு

மாணவர்களே, உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள். கோல்ஃப் திடலில் உள்ள குழி அதைவிடச் சற்றுத்தான் அகலம். விட்டம் 108 மில்லிமீட்டர், அதாவது 4.25 அங்குலம். 1891ஆம் ஆண்டில் விதியாக்கப்பட்ட இந்த அளவு இன்று வரை மாறவில்லை. ஆட்டக்காரர் 150 மீட்டர் தள்ளி நின்று பந்தை அடிக்கிறார். அங்கிருந்து குழி அவர் கண்ணுக்குத் தெரியுமா?

“தெரியாது சார், தூரம் அதிகம்” என்பீர்கள். விடை சரி. காரணம் பாதிதான் சரி.

நல்ல பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு அளவுள்ள கோணம் வரை பிரித்தறிய முடியும். 150 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 44 மில்லிமீட்டர். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அப்படியானால் தெரிய வேண்டுமே! உண்மைதான். அதே அளவுள்ள ஒரு கறுப்புத் தட்டை அங்கே நிமிர்த்தி வைத்தால், சிறு புள்ளியாகவேனும் தெரியும். ஆனால் குழி நிமிர்ந்து நிற்பதில்லை. தரையில் படுத்துக் கிடக்கிறது. சிக்கல் இங்கேதான்.

ஒரு தட்டை மேசைமேல் வைத்து, மேசை விளிம்புக்குக் கண்ணை இறக்கிப் பாருங்கள். வட்டம் நீள்வட்டமாகும், இன்னும் இறக்கினால் வெறும் கோடாகிவிடும். ஆட்டக்காரரின் கண், தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். தரை சமமானது என்றால், வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம். கண்ணின் உயரத்தைத் தூரத்தால் வகுத்து (1.6 ÷ 150), குழியின் விட்டத்தால் பெருக்குங்கள். விடை ஏறக்குறைய 1.15 மில்லிமீட்டர். அதாவது 108 மில்லிமீட்டர் அகலமுள்ள குழி, அவருக்கு 1.15 மில்லிமீட்டர் உயரமுள்ள கீற்றாகத்தான் தோன்றும். கண்ணுக்குத் தேவைப்படுவதோ 44 மில்லிமீட்டர். ஏறத்தாழ 38 மடங்கு குறைவு!

ஆகவேதான் குழிக்குள் ஒரு கம்பை நட்டு, அதன் உச்சியில் கொடியைக் கட்டுகிறார்கள். கம்பு குறைந்தது 2.13 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது கோல்ஃப் விதிகளின் பரிந்துரை. நிமிர்ந்து நிற்பதால் அதன் உயரம் சுருங்கித் தெரிவதில்லை. 150 மீட்டரில் அது 0.8 பாகைக் கோணம் பிடிக்கும். முழு நிலவே நம் கண்ணில் அரை பாகைதான் பிடிக்கிறது.

ஒரு சிக்கல் தீர்ந்தது. அடுத்த சிக்கல் இன்னும் சுவையானது.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட புல் பரப்பைக் ‘கிரீன்’ என்பார்கள். குழி அதில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தினமும் பல நூறு காலடிகள் ஒரே இடத்தில் பட்டால் மண் இறுகிப் புல் நலிந்துவிடும். அதனால் திடல் பணியாளர்கள் வட்ட வடிவ எஃகுக் குழாய் போன்ற கருவியால் புதிய இடத்தில் குழி வெட்டுவார்கள். வெட்டி எடுத்த புல்லும் மண்ணும் சேர்ந்த உருளையைப் பழைய குழியில் அப்படியே பொருத்திவிடுவார்கள். நேற்று முன்பக்கம் இருந்த குழி இன்று பின்பக்கம் இருக்கலாம்.

கிரீனின் நீளம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு இரும்பு மட்டைகள் பந்தை அனுப்பும் தூரத்தில் சுமார் 10 மீட்டர் வேறுபாடு இருக்கும். ஆக, குழி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது மூன்று மட்டை வித்தியாசம். தவறாக ஊகித்தால், பந்து கிரீனில் விழுந்தும் குழி 25 மீட்டர் தள்ளி இருக்கும். கண்ணால் பார்த்து ஊகிக்க முடியாதா? நம் இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரம் ஆறரை செண்டிமீட்டர்தான். கைக்கெட்டும் பொருளின் தூரத்தை அறிய அது நன்றாக உதவும். 150 மீட்டருக்கு அப்பால் இருக்கும் கொடி 10 மீட்டர் முன்னே பின்னே நகர்ந்தால் அது ஏறக்குறையப் பயன்படாது.

எனவே கொடியின் நிறமே செய்தியாகிறது. பல திடல்களில் சிவப்புக் கொடி என்றால் குழி முன்பகுதியில், வெள்ளை என்றால் நடுவில், நீலம் என்றால் பின்பகுதியில். எல்லாத் திடல்களிலும் இதே முறை என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் உள்ள புகழ்பெற்ற பழைய திடலில் நிறத்துக்கு வேறு பொருள். அங்கே 7 பெரிய கிரீன்களில் இரண்டிரண்டு குழிகள் உண்டு. போகும் வழிக் குழிக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் வழிக் குழிக்குச் சிவப்பு. ஒரே கிரீனில் உள்ள இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் 18 வரும்: 2உம் 16உம், 3உம் 15உம், இப்படியே 8உம் 10உம் வரை.

இந்த நிற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சிவப்பு-பச்சை நிறப்பார்வைக் குறைபாடு ஆண்களிடம் அரிதானதன்று. இனத்துக்கு இனம் விகிதம் மாறும், ஐரோப்பிய ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களிடம் மிகக் குறைவு. பச்சைப் புல்லும் மரங்களும் பின்னணியாக இருக்க, அவர்களுக்குச் சிவப்புக் கொடி எளிதில் எடுபடாது. யார் கண்ணுக்கு என்று யோசிக்காமல் வகுத்த குறியீடு சிலரை வெளியே நிறுத்திவிடுகிறது. இதைவிட நல்ல முறை ஒன்றும் வழக்கில் இருக்கிறது. கம்பில் ஒரு சிறு பந்தையோ இரண்டாவது சிறு கொடியையோ மாட்டி, அதை ஏற்றி இறக்குவார்கள். கீழே இருந்தால் குழி முன்பக்கம், மேலே இருந்தால் பின்பக்கம். நிறம் தேவையில்லை, உயரம் போதும்.

துணிக்கொடிக்கு இன்னொரு குறையும் உண்டு. காற்று நம்மை நோக்கியோ நமக்கு நேர் எதிர்த்திசையிலோ வீசினால், துணியின் விளிம்புதான் நமக்குத் தெரியும். படுத்துக் கிடந்த குழிக்கு நேர்ந்த அதே கதி! அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மெரியன் கிழக்குத் திடலில் கொடியே கிடையாது. கம்பின் உச்சியில் பிரம்புக்கூடை இருக்கும். முதல் ஒன்பது குழிகளுக்குச் சிவப்பு, அடுத்த ஒன்பதுக்கு ஆரஞ்சு. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கூடை ஒரே மாதிரி தெரியும். ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கூடை சொல்லாது. ஒன்றைப் பெற்றார்கள், ஒன்றை இழந்தார்கள்.

பெரிய போட்டிகளில் ஆட்டக்காரர்களிடம் ஒரு தாள் தருவார்கள். ‘22, வலம் 5’ என்றிருந்தால், முன் விளிம்பிலிருந்து 22 கஜம் உள்ளே, வலது விளிம்பிலிருந்து 5 கஜம் தள்ளிக் குழி இருக்கிறது என்று பொருள். கணிதத்தில் நீங்கள் படிக்கும் அச்சுத்தூரங்கள்தாம் இவை.

“கைபேசியில் ஜிபிஎஸ் இருக்கிறதே” என்று கேட்கலாம். துணைக்கோள்கள் சொல்வது நீங்கள் நிற்கும் இடத்தை. கருவியில் உள்ள வரைபடத்துக்குக் கிரீனின் முன், நடு, பின் விளிம்புகள் தெரியும். காலையில் பணியாளர் குழியை மாற்றிய விவரத்தை யாராவது பதிவு செய்தாலன்றி அதற்குத் தெரியாது.

லேசர் தூரமானி வேறு வகை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித்துடிப்பை அது கொடிக்கம்பை நோக்கி அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. 150 மீட்டர் போய்த் திரும்ப 300 மீட்டர். ஒளியின் வேகம் விநாடிக்கு 30 கோடி மீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! மெல்லிய கம்பில் பட்ட ஒளி சிதறிப் போகாமல் இருக்க, சில திடல்களில் கம்பின் உச்சியில் சிறு பட்டகங்களைப் பொருத்துகிறார்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி, எந்தக் கோணத்தில் வந்தாலும் வந்த திசையிலேயே திரும்பிவிடும். உங்கள் சைக்கிளின் பின்னால் உள்ள சிவப்பு ஒளிதிருப்பியும் இந்த வகைதான். 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்ததும் இதுவே.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. கறுப்புத் தாளில் 108 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டி, பள்ளியின் சிமெண்டுத் தளத்தில் ஒட்டுங்கள். அதைப் பார்த்தபடியே பின்னால் நடந்து, வட்டம் மறையும் தூரத்தை அளந்து குறியுங்கள். கண் உயரம் 1.5 மீட்டர் என்றால், மேலே உள்ள கணக்கின்படி அது 24 மீட்டருக்குப் பக்கத்தில் வர வேண்டும். வெயில், தளத்தின் நிறம், உங்கள் பார்வை ஆகியவற்றைப் பொறுத்து விடை கூடலாம், குறையலாம். பிறகு மாடி நடைவழியிலிருந்து பார்த்து அதே அளவை எடுங்கள். கண்ணின் உயரம் நான்கு மடங்கானால், மறையும் தூரம் நான்கு மடங்காகாது. இரண்டு மடங்குதான் ஆகும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடியுங்கள்.