ஆதிகங்கையில் படகு போகுமா?

கேள்வி: பிரான்ஸ் கால்வாய்களில் படகிலேயே தங்கி, விருந்தும் ஒயினுமாக விடுமுறையைக் கழிக்கிறார்களாமே. கொல்கத்தாவின் காளிகாட் கால்வாயில் அப்படிப் போக முடியுமா?

பதில்: இன்றைய நிலையில் முடியாது. காளி கோயிலை ஒட்டிய ஆதிகங்கை, கங்கையின் பழைய தடம். தூர்ந்து கிடந்த அதை 1770-களில் வில்லியம் டோலி என்ற ஆங்கிலேயர் வெட்டி ஆழப்படுத்த, சரக்குப் படகுகள் ஓடின. இப்போது அதில் ஓடுவது சாக்கடை நீர். தெற்கே போனால் கால்வாய்க்குள்ளேயே மெட்ரோ தூண்கள். பிரான்ஸிலோ 1681-இல் திறந்த மிதி கால்வாயில் இன்றும் படகு போகிறது. நம் புனித நதியை இப்படி விட்டுவிட்டோமே என்று மனம் வலிக்கிறது.

ஆனால் ஹூக்ளி ஆற்றில் தங்கும் வசதியுள்ள கப்பல்கள் உண்டு. சந்தன்நகரில் நிற்கும் பயணமாகப் பாருங்கள். 1950 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அங்கே ‘ஜொல்பரா சந்தேஷ்’ என்ற இனிப்பை அவசியம் சாப்பிடுங்கள். மெதுவாகக் கடியுங்கள், உள்ளே ரோஜாப் பன்னீர் இருக்கும்.