‘முன்பணம் திரும்பாது’ என்று போட்டிருந்தால் வழக்குப் போட முடியாதா?

கேள்வி: தரங்கம்பாடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், புதுப்பித்த பழைய ஓட்டு வீடு ஒன்றை இணையதளம் வழியாக மூன்று இரவுகளுக்கு எடுத்து, 27,000 ரூபாயை முன்னதாகவே கட்டினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்று உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டபோது, “எல்லாம் புதுசா போட்டாச்சு சார்” என்றார். போய்ப் பார்த்தால் குளியலறையில் கொத்தனார் வேலையே முடியவில்லை, தண்ணீர் இணைப்பும் இல்லை. இரவில் கொல்லைப்புறத்துப் பழைய கழிப்பறைக்கு அம்மாவை இருவர் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனோம். மின்வெட்டும் கொசுவும் வேறு. அன்றே முறையிட்டும் பயனில்லை. மறுநாள் காரைக்காலில் ஒரு விடுதிக்கு மாறிவிட்டோம். “முன்பணம் திரும்பாது என்று போட்டிருந்தோமே” என்கிறார் உரிமையாளர். தளமோ, “நாங்கள் இடைத்தரகர் மட்டுமே” என்கிறது. போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: போலீஸ் வேண்டாம். மோசடிக் குற்றம் நிற்க, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இல்லாத வீட்டைக் காட்டிப் பணம் பறித்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லியிருப்பேன். இங்கே வீடு இருக்கிறது, சொன்னபடி இல்லை. இது நுகர்வோர் வழக்கு. அதில் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது.

அந்த வாட்ஸ்அப் பதில்தான் உங்கள் முதல் சாட்சி. விளம்பரப் படத்தை ‘பழைய படம்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். உங்கள் அம்மாவின் நிலையைச் சொல்லிக் கேட்ட நேரடிக் கேள்விக்கு எழுத்தில் கொடுத்த பதிலை அப்படித் தள்ளிவிட முடியாது. இல்லாத தரம் இருப்பதாகச் சொல்வதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. ‘முன்பணம் திரும்பாது’ என்ற நிபந்தனை, நீங்களாக மனம் மாறி ரத்து செய்தால் பொருந்தும். சொன்ன சேவையைத் தராதவருக்கு அது கேடயமாகாது.

புகாரை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘இந்த நிபந்தனை நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தொடங்காதீர்கள். அந்த வகைப் புகாரை மாநில நுகர்வோர் ஆணையம்தான் விசாரிக்க முடியும். மாவட்ட ஆணையத்தில் எடுபடாது. ‘சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை’ என்றே எழுதுங்கள். மின்வெட்டையும் கொசுவையும் விட்டுவிடுங்கள். கடலோரக் கிராமத்தில் அவை இருக்கத்தான் செய்யும். அவற்றைச் சேர்த்தால் உங்கள் அம்மா பட்ட பாடு கூட்டத்தில் மறைந்துபோகும்.

முதலில் உரிமையாளருக்கும் தளத்துக்கும் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்குத் தனியாக எழுதுங்கள்: மின்வணிக விதிகள், 2020-ன்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடுங்கள். புகார்தாரர் வசிக்கும் ஊரில் தாக்கல் செய்யப் பிரிவு 34 இடம் தருகிறது. மயிலாடுதுறைக்கு அலைய வேண்டியதில்லை. தளத்தை இரண்டாம் எதிர்தரப்பாகச் சேருங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். படங்களும் உரையாடலும் உள்ள கைபேசியை அதுவரை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

எவ்வளவு கேட்கலாம்? தங்காத இரண்டு இரவுகளுக்கு 18,000 ரூபாய், காரைக்கால் விடுதிச் செலவில் கூடுதலான பகுதி, வண்டி வாடகை, அம்மா பட்ட வேதனைக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. முதல் இரவு அங்கேயே தங்கியதால் அந்த வாடகை முழுவதும் திரும்புவது கடினம். ஒரு பகுதியைக் கேளுங்கள். சமரசத்துக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். ஆனால் அந்த 18,000 ரூபாயிலிருந்து இறங்காதீர்கள்.