காசநோயும் உடலின் காவல் அணுக்களும்

2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியின் அருகே, காசநோய் மருத்துவமனையாகத் தொடங்கிய ஆரோக்கியவரம் உள்ளது. 1912-இல் தோன்றிய அந்நிறுவனம், மருந்து கிடைக்காத அக்காலத்தில் ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு ஆகியவற்றையே முதன்மையாக நம்பியிருந்தது. ஒரே கிருமி, ஒரே பராமரிப்பு. எனினும் சிலர் தேறினர், சிலர் மாண்டனர். இவ்வேறுபாட்டின் விடையில் ஒரு பகுதி கிருமியிடம் அன்று, நோயாளியின் உடலில் உள்ளது.

உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இக்கிருமியால் தொற்றப்பட்டவர்கள். அவர்களுள் 5 முதல் 10 விழுக்காட்டினரே வாழ்நாளில் நோயுறுகின்றனர். நுரையீரலுள் புகும் கிருமியை விழுங்கணுக்கள் விழுங்குகின்றன. ஆனால் அவற்றினுள்ளேயே அது உயிர்வாழ வல்லது. டி அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருள் விழுங்கணுக்களைத் தூண்டிய பின்னரே கிருமி அடங்குகிறது. அணுக்கள் கூடி அதனைச் சுற்றி கிரானுலோமா என்னும் கரணையை எழுப்புகின்றன.

இத்தாக்குதலுக்குக் கடிவாளமும் உண்டு. ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் அழற்சியை மட்டுப்படுத்துகின்றன. கடிவாளம் இறுகினால் கிருமி பெருகும். தளர்ந்தால் உடலின் சொந்த அணுக்களே நுரையீரலைச் சிதைக்கும். மூட்டுவாதத்திற்காக டி.என்.எஃப். என்னும் அழற்சிப் பொருளைத் தடுக்கும் மருந்து பெற்றோரிடம், உறங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்கியது. மாறாக, புற்றுநோய்க்காக டி அணுக்களின் பி.டி.-1 என்னும் தடையை நீக்கும் மருந்து பெற்ற சிலரிடமும் காசநோய் வெளிப்பட்டது. தடையை நீக்கினால் கிருமி ஒழியும் என்று எதிர்பார்ப்பது இயல்பே, நிகழ்ந்ததோ வேறு.

தடுப்பூசியின் வரலாறும் இச்சிக்கலைக் காட்டுகிறது. மதனப்பள்ளியைச் சூழ்ந்த சிற்றூர்களில் 1950-இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வு மிதமான பாதுகாப்பையே கண்டது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் 1971 வரை சுமார் 2,60,000 பேரைச் சேர்த்த பேராய்வில், வயது வந்தோரின் நுரையீரல் காசநோய்க்கு எதிராக 15 ஆண்டுகளில் எவ்விதப் பாதுகாப்பும் தென்படவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள இனக்கிருமிகள் மக்களின் எதிர்ப்பாற்றலை முன்னரே பழக்கிவிட்டிருக்கலாம் என்பது கூறப்படும் காரணங்களுள் ஒன்று. குழந்தைகளின் கடும் காசநோயைத் தடுப்பதில் இவ்வூசியின் பயன் ஐயத்திற்கு இடமற்றது.

எதிர்ப்பாற்றலைக் குலைப்பவற்றுள் எச்.ஐ.வி., நீரிழிவு ஆகியவற்றோடு நம் நாட்டில் பெருமளவில் நிற்பது சத்துக்குறைவு. அது டி அணுக்களின் வலிமையைக் குன்றச் செய்கிறது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில், நோயாளியின் வீட்டிலுள்ள ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் வழங்கப்பட்டன. நோயாளி மட்டும் உணவு பெற்ற குடும்பங்களோடு ஒப்பிடுகையில், இக்குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது.

நிக்ஷய் போஷண் திட்டத்தின் கீழ் 2018 முதல் நோயாளிக்கு மாதம் ரூ. 500 வழங்கப்பட்டது, 2024 நவம்பரில் அது ரூ. 1,000 ஆயிற்று. அதே ஆண்டில், நன்கொடையாளர் அளிக்கும் உணவுக் கூடையைக் குடும்பத்தாருக்கும் விரிவுபடுத்த முடிவு செய்யப்பட்டது. நன்கொடை கிட்டாத சிற்றூரில் அக்குடும்பத்தின் பங்கு எங்கிருந்து வரும் என்பது மாவட்ட அலுவலர்கள் விடைகாண வேண்டிய கேள்வி. பொது வழங்கல் கடைகளும் குடும்ப அட்டைகளும் முன்னரே உள்ளன. நோயாளியின் பதிவை அவ்வட்டையோடு இணைப்பது புதிய துறை எதனையும் வேண்டாத பணியாகும்.