எடிட்டிங்: எந்த வேலைக்கு எந்த மென்பொருள்?

நாளைக்கு புராஜெக்ட் வீடியோ தரணும், லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான். என்ன செய்வீங்க? முதலில் வேலையைப் பாருங்க, பிறகு மென்பொருளைத் தேடுங்க.

வெட்டினால் மட்டும் போதுமா? லாஸ்லெஸ்கட். மறுபடி என்கோட் செய்யாததால் சீக்கிரம் முடியும், தரமும் குறையாது. ஆனா வெட்டு கீஃப்ரேமில்தான் தொடங்கும். கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம்.

தலைப்பு, இசை, குரல் சேர்க்கணும்னா ஷாட்கட் அல்லது கேடென்லைவ். இரண்டும் இலவசம், வாட்டர்மார்க் கிடையாது. லேப்டாப் திணறினா ப்ராக்ஸியை ஆன் பண்ணுங்க: எடிட்டிங் சிறிய நகலில் நடக்கும், எக்ஸ்போர்ட் அசல் கோப்பிலிருந்து வரும்.

குறும்படத்துக்குக் கலர் கிரேடிங்கா? டாவின்சி ரிசால்வ். இலவசப் பதிப்பே போதும்; ஆனா நல்ல கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ராமும் வேணும்.

எதை எடுத்தாலும் இன்னைக்கே 10 விநாடி எக்ஸ்போர்ட் செய்து பாருங்க. சிக்கல் இருந்தா இப்பவே தெரிஞ்சிடும், நாளைக்கு மேடையில் இல்லை.