உடற்குறை நேர்ந்த அரசு ஊழியரும் ஓய்வூதியமும்

கிராமத்தில் ஓர் அரசாங்கச் சம்பளம் என்பது தனி ஒருவருடைய வருவாய் மட்டும் அன்று. ஆசிரியர், ரயில்பாதைப் பணியாளர், அலுவலக வண்டியோட்டி ஆகியோரில் பலர் விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மழை பொய்த்த ஆண்டில் விதைக்கும் வட்டிக்கும் அந்தச் சம்பளமே கைகொடுக்கிறது. அத்தகையவர் விபத்தினாலோ நோயினாலோ காலையோ கண்ணையோ இழந்துவிட்டால் குடும்பம் முழுவதும் கலங்கிப்போகிறது. அந்தக் கலக்கத்தில் எழுதப்படும் ஒரு கடிதம், விபத்தைவிடப் பெரிய இழப்பை உண்டாக்கிவிடக்கூடும்.

சில காலத்திற்கு முன் ஒரு விவசாயி நம் அலுவலகத்திற்கு வந்தார். அவருடைய மகன் அரசாங்க வண்டியோட்டி. சாலை விபத்தொன்றில் ஒரு காலை இழந்திருந்தார். "இனி வண்டி ஓட்ட முடியாதுங்க. ராஜினாமா எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். வருகிற பென்ஷனை வாங்கித் தரவேண்டும்" என்றார் தந்தை. அந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டாமென்று நாம் கேட்டுக்கொண்டோம். ராஜினாமா செய்பவர் பொதுவாகத் தம் முந்தைய பணிக்காலம் முழுவதையும் இழக்கிறார்; அவருக்கு ஓய்வூதியமே கிடையாது. இதனை அக்குடும்பத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை.

சட்டம் தரும் பாதுகாப்பு

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20ஆம் பிரிவில் இதற்கு வழிகூறுகிறது. பணியிலிருக்கும்போது உடற்குறை நேர்ந்த ஊழியரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கலாகாது, பதவியிறக்கமும் செய்யலாகாது. பழைய வேலைக்கு அவர் ஏற்றவரல்லர் எனில், அதே சம்பள விகிதமும் பணிப்பயன்களும் உடைய வேறொரு வேலைக்கு மாற்ற வேண்டும். அத்தகைய இடம் காலியாக இல்லையெனில், தக்க இடம் கிடைக்கும் வரையிலோ, ஓய்வு வயது எய்தும் வரையிலோ, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை, கூடுதலாக ஒரு பணியிடம் உண்டாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். வேலையின் தன்மையைக் கருதிச் சில நிறுவனங்களுக்கு அரசு விலக்களிக்கவும் இச்சட்டத்தில் இடமுண்டு.

இதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவும் இப்பாதுகாப்பை அளித்தது. மத்திய அரசின் காவற்படையொன்றில் காவலராயிருந்த குணால் சிங் என்பவர், பணியில் அடிபட்டு இடது காலை இழந்தார். மருத்துவக் குழு அவரைத் தகுதியற்றவரென்று கூறியது. அவரும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2003இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்பதனால் சட்டத்தின் கடமை தீர்ந்துவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மூன்று வழிகள்

பழைய ஓய்வூதிய முறைக்குட்பட்ட ஒரு மத்திய அரசு ஊழியரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்று கொள்வோம். ராஜினாமா செய்தால் மாத ஓய்வூதியம் இல்லை. மருத்துவச் சான்றின்மீது இயலாமை ஓய்வூதியம் பெற்றால், அதில் பாதியான 20,000 ரூபாயும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் கிடைக்கும். மாற்று வேலையில் நீடித்தாலோ 40,000 ரூபாயும் ஆண்டு உயர்வும் தொடரும்; ஓய்வூதியமும் பின்னர் வரும். எது நலம் என்பதைக் குடும்பத்தாரே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எந்த வேலையும் செய்ய இயலாத நிலையில் இயலாமை ஓய்வூதியமே துணை. 10 ஆண்டுப் பணி நிறைவுறாத மத்திய அரசு ஊழியருக்கும் இதனை அளிக்க 2019 ஜனவரி 4ஆம் தேதி முதல் விதி திருத்தப்பட்டது. பணியின் காரணமாகவே ஊனம் நேர்ந்ததென்று மெய்ப்பிக்கப்பட்டால், அதற்குரிய தனி விதிகளின்படி கூடுதலான தொகை உண்டு.

பணியில் சேர்ந்த தேதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மாநிலப் பணியில் 2003 ஏப்ரல் 1 முதலும், படைவீரர் நீங்கலாக மத்தியப் பணியில் 2004 ஜனவரி 1 முதலும் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு முறையையொட்டித் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஆனால் 20ஆம் பிரிவின் பாதுகாப்புக்கு இந்தத் தேதிகள் தடையல்ல.

பஞ்சாயத்தார் செய்யக்கூடியவை

1. ராஜினாமாக் கடிதமோ, விருப்ப ஓய்வுக் கடிதமோ அவசரப்பட்டு எழுதாதபடி குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். முதலில் முறையாக மருத்துவ விடுப்புக் கேட்கச் செய்யுங்கள்.

2. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, மருத்துவ அதிகாரியிடம் ஊனச் சான்றிதழ் பெற உதவுங்கள்.

3. மாற்று வேலை கோரும் விண்ணப்பத்தை அலுவலகத் தலைவருக்கு எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகை பெறச் செய்யுங்கள்.

4. பணியில் விபத்து நேர்ந்திருந்தால், காவல் நிலைய அறிக்கை, மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

5. விண்ணப்பத்திற்குப் பலன் இல்லையெனில், அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். பதிவான முறையீட்டை இரண்டு வாரத்திற்குள் விசாரிக்க வேண்டுமென்று சட்டத்தின் 23ஆம் பிரிவு கூறுகிறது. அதிலும் திருப்தியில்லையெனில் மாவட்டக் குழுவையும், மாநில ஆணையரையும் நாடலாம்.

முன்னர்க் கூறிய வண்டியோட்டி இப்பொழுது அதே துறையில் தபால்களைப் பதிவு செய்யும் வேலை பார்க்கிறார். சம்பளம் குறையவில்லை. தந்தை கொண்டுவந்த கடிதம் அன்றே கிழிக்கப்பட்டது. நம் ஊர்களில் இத்தகைய கடிதம் வேறெங்கேனும் எழுதப்படுகிறதா என்பதை ஒவ்வொரு பஞ்சாயத்து அங்கத்தினரும் விசாரித்தறிவாராக.