தலைசுற்றல் தொல்லையா?

படுக்கையில் புரண்டதும் அறையே சுழல்கிறதா? உட்காதில் இடம் மாறிய கால்சியம் துகள்கள் காரணமாக இருக்கலாம். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1980-இல் அறிமுகப்படுத்திய, தலையைத் திருப்பும் சிகிச்சை பலருக்கும் பலன் தருகிறது.

எழும்போது: கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழுந்திருக்க வேண்டும்.

குளியலறையில்: ஷாம்பு நுரைக்குப் பயந்து கண்ணை மூடியதும் தடுமாற்றம் கூடும், நிலையாக நிற்க மூளைக்குப் பார்வையும் தேவை. ஸ்டூலில் உட்கார்ந்தே குளிக்கலாம். சுவரில் கைப்பிடி அவசியம்.

இரவில்: கழிப்பறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு எரியட்டும்.

சமையலறையில்: பரண் டப்பாக்களை இடுப்பு உயர அலமாரிக்கு இறக்கிவிடலாம்.

மாத்திரை: சுற்றலை அடக்கும் சில மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால், மூளை தன்னைப் பழக்கிக்கொள்வது தாமதப்படும். எவ்வளவு நாள் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது பக்கவாதமாகவும் இருக்கலாம்.