டூம் மறுபடியும் கைக்கு வந்த கதை



சென்ற மாதம் பட்டர்வொர்த்தில் இருந்து பெர்ரியில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நம் கிளையைச் சேர்ந்த ஒரு தம்பி, படிவம் மூன்று மாணவன். என் கையில் இருந்த நின்டெண்டோ ஸ்விட்ச்சை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது எங்கப்பா காலத்து கேம் இல்ல? இதுக்குப் போயி காசு குடுத்தீங்களா?" என்று கேட்டான்.

நான் ஆடிக்கொண்டிருந்தது டூம். "பழசுதான், ஆனா நல்லா இருக்கு" என்று சமாளித்தேன். அது பதிலே இல்லை. ஜெட்டியில் இறங்கி நடக்கும்போதுதான் சரியான பதில் மனதில் வந்தது. கொஞ்சம் நீளமான பதில், அதனால் கட்டுரையாகவே எழுதிவிட்டேன். பேய்களைச் சுடும் விளையாட்டைப் பற்றி நம் இதழில் எழுதலாமா என்று பெரியவர்கள் கேட்கலாம். சுடுவதைப் பற்றி இங்கே எதுவும் இல்லை. பழைய ஒரு பொருளைக் கெடுக்காமல் புதிய இடத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் பாடம். ஏன் அதை எழுதுகிறேன் என்பது பின்னால் வரும்.

டூம் வெளியானது 1993 டிசம்பர் 10. செய்தது இட் சாஃப்ட்வேர் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம். அதன் முக்கிய நிரலாளர் ஜான் கார்மேக். அன்று பல வீடுகளில் இருந்தது இன்டெல் 386 அல்லது 486 கணினி. (இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972-இல் திறந்தது நம் பினாங்கில்தான். பழைய இன்டெல் சில்லுகள் பலவற்றின் மேல் 'மலாய்' என்று பொறித்திருக்கும். அந்தக் காலத்துக் கணினி ஒன்று கிடைத்தால் திறந்து பாருங்கள்.)

386 சில்லுக்குத் தசமக் கணக்கு வேகமாக வராது. அதற்கான தனிப் பகுதி அதற்குள் இல்லை, விலை குறைந்த 486 எஸ்எக்ஸிலும் இல்லை. சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் திரும்புகிறோம் என்று எல்லாவற்றுக்கும் பின்னம் தேவை. கார்மேக் என்ன செய்தார்? எல்லா எண்ணையும் 65,536-ஆல் பெருக்கி முழு எண்ணாகவே வைத்துக்கொண்டார். 1.5 என்பது 98,304. 2 என்பது 131,072. இரண்டையும் பெருக்கி ஒரு தடவை 65,536-ஆல் வகுத்தால் 196,608 வரும். அதாவது 3. தாளில் போட்டுப் பாருங்கள். வகுப்பதுகூட உண்மையில் வகுத்தல் இல்லை, இரும இலக்கங்களை 16 இடம் நகர்த்துவதுதான். இதற்கு நிலைப்புள்ளிக் கணக்கு என்று பெயர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லுகளுக்கு நிரல் எழுதும்போது இன்றைக்கும் இதே முறைதான்.

இரண்டாவது விஷயம், எனக்கு இதுதான் பெரியது. டூம் இரண்டு துண்டாக இருக்கிறது. ஒன்று எஞ்சின், அதாவது படம் வரைந்து, கணக்குப் போட்டு, விசையைக் கவனிக்கும் நிரல். மற்றது வேட் என்ற கோப்பு. வரைபடங்கள், சுவர் ஓவியங்கள், பேய்கள், ஒலி எல்லாம் அதற்குள். எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எஞ்சினை வைத்தாலும் வேட் அப்படியே வேலை செய்யும். வெளியாட்கள் தங்கள் சொந்த வரைபடங்களைச் செய்து சேர்க்க முடியவேண்டும் என்று வேண்டுமென்றே இப்படிப் பிரித்தார்கள்.

1997 டிசம்பரில் கார்மேக் எஞ்சினின் மூல நிரலை உலகத்துக்கே திறந்துவிட்டார். 1999-இல் அது ஜிபிஎல் உரிமத்தின் கீழும் வந்தது. இதில் ஒரு சங்கடம் உண்டு. டாஸ் பதிப்பில் ஒலியை இயக்கிய நிரல் வேறொருவருடையது, அதை வெளியிட இவர்களுக்கு உரிமை இல்லை. அதனால் வெளியானது லினக்ஸ் பதிப்பின் நிரல். ஒரு பொருளில் மற்றவர் பங்கு கொஞ்சம் கலந்திருந்தாலும் பிற்காலத்தில் அது குறுக்கே நிற்கும்.

கையடக்கக் கருவிக்கு டூம் வந்தது ஸ்விட்ச்சில்தான் முதல் தடவை என்று நினைக்கவேண்டாம். 2001-இலேயே கேம் பாய் அட்வான்ஸில் வந்துவிட்டது. 240-க்கு 160 புள்ளி கொண்ட குட்டித் திரை. பிள்ளைகள் கருவி என்பதால் இரத்தத்தைப் பச்சையாக்கிவிட்டார்கள். பேய்க்குப் பச்சை இரத்தம் பொருத்தம்தானே என்று சிரிக்கத் தோன்றுகிறது.

2019 ஜூலை 26-இல் டூம் ஸ்விட்ச்சுக்கு வந்தது. அந்த வெளியீடு நல்ல பாடம், ஏனென்றால் முதலில் அது சரியாக வரவில்லை. தனியாள் ஆடும் இருபத்தைந்து ஆண்டுப் பழைய விளையாட்டைத் திறக்க, வெளியீட்டாளரின் இணையக் கணக்கில் நுழையச் சொன்னது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அது கட்டாயமாக இருந்திருக்கக்கூடாது என்று நிறுவனமே சொல்லி, பிறகு நீக்கியது. படத்தின் அளவும் பிசகியது. பழைய டூம் 320-க்கு 200 புள்ளிகளில் வரைந்தது, ஆனால் அன்றையத் திரையின் வடிவம் 4-க்கு 3. அதனால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாகத் தெரியும். ஓவியர்கள் அந்த உயரத்தைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். புதிய திரையில் அந்த நீட்டல் இல்லாமல் போட்டால் எல்லாரும் குள்ளமாகிவிடுவார்கள். இதுவும் பின்னர்தான் திருத்தப்பட்டது.

அடுத்தது வேகம். டூமின் உள் கடிகாரம் வினாடிக்கு 35 தடவை துடிக்கும். பேய் நகர்வது, குண்டு பறப்பது, கதவு திறப்பது எல்லாம் அந்தத் துடிப்புக்கு ஒரு தடவை. ஸ்விட்ச் திரையோ வினாடிக்கு 60 தடவை மாறும். "அப்ப கடிகாரத்தையும் 60 ஆக்கிட வேண்டியதுதானே?" என்றால், கூடாது. டூமில் ஒருவர் ஆடியதைப் பதிவு செய்யும்போது, அவர் எங்கே நின்றார் என்பது பதிவாகாது. எந்தத் துடிப்பில் எந்த விசையை அழுத்தினார் என்பது மட்டும்தான் பதிவாகும். தற்செயல் எண்கள்கூட 256 எண்கள் கொண்ட நிலையான அட்டவணையில் இருந்து வரிசையாக எடுக்கப்படும். ஆகவே கணக்கு ஓர் இம்மி மாறினாலும், பழைய பதிவை ஓட்டும்போது ஆட்டக்காரர் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார், பேய் வேறெங்கோ போகும். மறுவெளியீடு நேர்மையானதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

அதனால் நல்ல மறுவெளியீடு 35 தடவை யோசிக்கும், 60 தடவை வரையும். ஒரு துடிப்பில் பேய் 100-ஆவது இடத்தில், அடுத்த துடிப்பில் 107-இல் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் திரை மாறினால் 103.5-இல் வரைந்து காட்டவேண்டும். அது கண்ணுக்கு மட்டும். எஞ்சினின் கணக்கில் 103.5 என்ற இடமே கிடையாது. 2020 ஜனவரியில் வந்த புதுப்பிப்பில் ஸ்விட்ச் பதிப்பு 60 ஆனது.

நம் கோயில் திருப்பணி நினைவுக்கு வருகிறது. பாலாலயம் செய்து, சுதைக்கும் வண்ணத்துக்கும் மேலே சாரம் கட்டி எல்லாம் மாற்றுகிறோம். மூலவர் இடத்தில் மட்டும் யாரும் "கொஞ்சம் மாடர்னா" செய்துவிடுவதில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சாரம் கட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

சில இடங்களில் தொட்டுத்தான் ஆகவேண்டும். மருந்துப் பெட்டியில் இருந்த சிவப்புச் சிலுவை ஜெனீவா ஒப்பந்தங்களால் பாதுகாக்கப்பட்ட சின்னம், அதனால் பின்வந்த பதிப்புகளில் அதை மாற்றிவிட்டார்கள். இரண்டாம் டூமின் இரகசிய நிலைகளில் இருந்த நாஜிச் சின்னங்களும் 2012 பதிப்பில் போய்விட்டன. நம் வீட்டு வாசலில் மங்கலமாகப் போடும் வடிவத்தை உலகம் வேறு கண்ணோடு பார்ப்பது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அந்த விளையாட்டில் அது என்னவாக இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

2024 ஆகஸ்டு 8-இல் டூம் இரண்டு பாகங்களும் ஒன்றாகச் சேர்ந்து புதிய எஞ்சினில் வந்தன. முன்பே வாங்கியவர்களுக்கு இலவசம். பெர்ரியில் நான் ஆடியது இதைத்தான். அதில் கைகோத்த நைட்டைவ் நிறுவனம் தொடங்கிய கதை சுவையானது. ஸ்டீபன் கிக் என்பவர் மத்திய அமெரிக்காவில் பயணம் செய்தபோது 1999-இல் வந்த சிஸ்டம் ஷாக் 2 விளையாட ஆசைப்பட்டார். மடிக்கணினியில் ஓடவில்லை, கடையிலும் விற்பனைக்கு இல்லை. தேடிப் பார்த்தால், செய்த நிறுவனம் மூடிவிட்டது, உரிமை ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கையில்! பேசி வாங்கி, 2013-இல் மறுபடி வெளியிட்டார். நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் என்ற 2000-ஆம் ஆண்டு விளையாட்டுக்கும் அவர்கள் முயன்றார்கள். யாருக்கு எந்தப் பங்கு என்று பெரிய நிறுவனங்களுக்கே தெளிவில்லாமல், முயற்சி அப்படியே நின்றுபோனது.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு?

நம் கிளை அலமாரியில் ஒரு குறுந்தட்டு இருக்கிறது. நம் அண்ணன்மார்கள் மாணவர்களாக இருந்தபோது, பள்ளி விடுமுறை முகாமுக்காகச் செய்த சமயப் புதிர் விளையாட்டு. இன்றைய விண்டோஸில் திறக்காது, அது 16 பிட் நிரல். மூல நிரல் யாரிடமும் இல்லை. ஆனால் கேள்விகளைத் தனிக் கோப்பில் வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள்! அதைத் திறந்தபோது தமிழே தெரியவில்லை, பிரெஞ்சு எழுத்துகள் மாதிரி ஏதோ குப்பை. யூனிகோடு பரவுவதற்கு முந்திய திஸ்கி குறியேற்றம் அது. திஸ்கி அட்டவணையைப் பொதுவில் எல்லாருக்கும் திறந்து வைத்திருந்ததால், ஒரு சாயங்காலத்தில் மாற்றும் நிரல் எழுதிவிட்டேன். 412 கேள்விகள் உயிரோடு வந்தன. நாயன்மார், திருவிழா, கோயில் ஊர்கள் என்று அருமையான கேள்விகள். இன்றைக்கு நாம் கேட்பதைவிடக் கடினமானவை என்று ஒத்துக்கொள்கிறேன்.

புதிய எஞ்சினை நானே எழுதினேன். கைப்பேசியில் ஓடும். பெருமையாக ஓர் அக்காவிடம் காட்டினேன், அந்த முகாமில் ஆடியவர். இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, "தம்பி, இது அந்த கேம் இல்லப்பா" என்றார். தப்பாகப் பதில் சொன்னால் பழையது உடனே அடுத்த கேள்விக்குப் போகாதாம். சரியான பதிலையும் சின்ன விளக்கத்தையும் காட்டி, கொஞ்ச நேரம் நிற்குமாம். "அதுலதான் நாங்க படிச்சதே." வேகமாக இருக்கட்டும் என்று நானாகவே நினைத்து மூலவரைத் தொட்டிருக்கிறேன்.

அந்த விளக்கங்கள் கேள்விக் கோப்பில் இல்லை. நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. பழைய கணினி ஒன்றைக் கடன் வாங்கி, ஒவ்வொரு கேள்விக்கும் வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்லி, வருவதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை 138 முடிந்தது. தொடக்கத்தில் ஒலிக்கும் நாதஸ்வரத்தை வாசித்தவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் அதை இப்போதைக்குச் சேர்க்கவில்லை.

அந்த முகாமில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் பழைய டிஸ்கெட் பெட்டியை ஒரு தடவை கிளறிப் பாருங்கள். மூல நிரல் அதில் இருக்கலாம். டிஸ்கெட் படிக்கும் கருவி என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவந்தால் போதும், பெர்ரியில் கேள்வி கேட்ட அந்தத் தம்பியும் தட்டச்சுக்கு உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.